கணுவிலே நிற்கிறது கட்டடம்



மாடிக் கட்டடம் ஒன்றை ஏறிட்டுப் பார்ப்போர் தூணைப் பார்ப்பர், விட்டத்தைப் பார்ப்பர், அவற்றின் பருமன் கண்டு வியப்பர். தூணும் விட்டமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடத்தை நோக்குவார் அரியர். அவ்விடம் பெரும்பாலும் பூச்சுக்குள்ளோ மேற்கட்டிக்குப் பின்னாலோ மறைந்து கிடக்கும். ஆயினும், அண்மைக் கால வரலாற்றில் பலரும் அறிந்த கட்டட வீழ்ச்சிகளை எடுத்து ஆய்ந்தால், அவற்றுட் பல தூணின் நடுவிலோ விட்டத்தின் நடுவிலோ தொடங்கியவை அல்ல, இணைப்பிலே தொடங்கியவை என்பது புலனாகும்.

இன்று பெருங்கட்டடங்கள் கணிப்பொறியின் துணையால் கணக்கிடப்பட்டே எழுகின்றன. கணக்கு மென்பொருள்கள் பொறியாளர் கைக்கு எட்டும் எளிய கருவிகள் ஆகிவிட்டன. ஆகவே எழுகிறது ஒரு வினா. அந்தக் கணிப்பொறிக்குள் இணைப்பு எவ்வாறு எழுதப்படுகிறது? எழுதியதும் எழுப்பியதும் ஒன்றுதானா? உயிர்கள் பல இவ்வினாவில் தொங்குகின்றன. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கணிப்பொறி காணும் கட்டடம்

கணிப்பொறிக்குத் தூணும் தெரியாது, விட்டமும் தெரியாது. அது கோடுகளையே காண்கிறது. ஒவ்வோர் உறுப்பும் அதன் நடுவூடே செல்லும் ஒரு கோடாக எழுதப்படும். உறுப்பின் பருமன், வடிவம், எஃகா கற்காரையா என்னும் தன்மை ஆகிய அனைத்தும் அக்கோட்டுக்கு உரிய எண்களாக மாறும். கோடுகள் கூடுகின்ற புள்ளிக்குக் கணு என்று பெயர். கணுவுக்கு நீளமில்லை, அகலமில்லை, எடையில்லை.

ஒவ்வொரு கணுவும் மூன்று வழிகளில் நகரலாம், மூன்று வழிகளில் திரும்பலாம். ஆக, ஆறு இயக்கங்கள். ஆயிரம் கணுக்கள் கொண்ட சட்டகம் என்றால் ஆறாயிரம் அறியா எண்களைக் கண்டறிதல் வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் விறைப்பையும் சேர்த்து அடுக்கி, சுமைகளை ஏற்றி, கணுக்களின் இயக்கத்தைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் விசையைக் கணிப்பதே மென்பொருளின் பணி. கையாற் செய்தால் பல திங்கள் ஆகும் இப்பணியைக் கணிப்பொறி நொடிகளில் முடிக்கிறது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் இரே கிளஃபு, உருவத்தைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணக்கிடும் முறைக்குப் பெயரிட்டார். பெர்க்கிலியில் எட்வர்டு வில்சன் 1970இல் 'சாப்' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். அன்று தொடங்கிய பெருக்கம் இன்று பெருவெள்ளமாகியுள்ளது.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மெய்யான கட்டடத்தில் இணைப்பு என்பது தகடு, கோணச்சட்டம், பற்றவைப்பு, 'போல்ட்டு' எனத் தொழிற்கூடங்களில் வழங்கும் மரையாணி, 'நட்டு' என வழங்கும் திருகுமரை ஆகியவை நெருங்கிக் கிடக்கும் ஓரிடம். கணிப்பொறியிலோ அது வெறும் புள்ளி. அவ்வளவு பொருள்களும் ஒரு புள்ளிக்குள் புகுந்து மறைந்து போகின்றன.

தமிழிலக்கணம் அறிந்தார்க்கு இதன் தீங்கு எளிதில் விளங்கும். சொற்களைத் தனித்தனியே ஆய்ந்ததோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. சொல்லும் சொல்லும் கூடும் இடத்தில் நிகழ்வதைக் கூறுதற்குப் புணரியல் எனத் தனி இயலே வகுத்தார். வாழை என்பதும் மரம் என்பதும் கூடினால் வாழைமரம், இரண்டும் மாறவில்லை. கல் என்பதும் தூண் என்பதும் கூடினால் கற்றூண்; இரண்டும் மாறிவிடுகின்றன. இருசொற்களையும் தனித்தனியே நன்கு அறிந்தவன்கூடப் புணர்ச்சி அறியாவிடின் பிழைபடவே எழுதுவான். கட்டடக் கணக்கும் அத்தகையதே. உறுப்புகளை அறிந்து புணர்ச்சியை அறியாதான் கணக்கு, பிழைபட்ட கணக்கு.

கீலா, பிணைப்பா?

விட்டத்தின் முனையைத் தூணோடு சேர்ப்பதில் இருபெரு வகைகள் உண்டு. ஒன்று கீல். கதவின் கீல் போல, முனை திரும்புவதற்கு அது இடங்கொடுக்கும். விட்டத்தின் சுமையை மட்டும் தூணுக்குத் தரும். மற்றொன்று பிணைப்பு. முனை திரும்புவதற்கே இடமின்றி இறுகப் பற்றும். சுமையோடு வளைக்கும் திருப்புத்திறனையும் தூணுக்குள் செலுத்தும்.

எண்களாற் காண்போம் எனின், 6 மீட்டர் நீள விட்டம் ஒன்று மீட்டருக்கு 2 டன் சுமை தாங்குவதாகக் கொள்க. இருமுனையும் கீலானால், நடுவில் தோன்றும் திருப்புத்திறன் 9 டன்-மீட்டர், முனைகளில் ஒன்றுமில்லை. இருமுனையும் அசையாத பிணைப்பானால், முனைகளில் 6 டன்-மீட்டர். நடுவில் 3 டன்-மீட்டர் மட்டுமே. நடுவில் விட்டம் தாழும் அளவோ ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதே விட்டம், அதே சுமை. மாறியது முனை ஒன்றே.

பிழை இங்கேதான் நுழைகிறது. பெரும்பாலான மென்பொருள்களில் கணுவில் கூடும் உறுப்புகள், வேறாகக் கூறாவிடின், இறுகப் பிணைக்கப்பட்டனவாகவே கொள்ளப்படும். பொறியாளர் வாய்மூடி இருந்தால் கணிப்பொறி அதனைப் பிணைப்பு என்றே பொருள் கொள்ளும். பணித்தலத்திலோ விட்டத்தின் நடுத்தகட்டை மட்டும் இரண்டு கோணச்சட்டங்களால் தூணோடு சேர்த்திருப்பர். அது கீலுக்கு நெருங்கியது. விளைவு என்னை? கணக்கு, நடுவில் 3 டன்-மீட்டர் என்று கூறும். அதற்கேற்ப மெலிந்த விட்டம் தேர்ந்தெடுக்கப்படும். அவ்விட்டம் மெய்யாகத் தாங்க வேண்டுவதோ ஏறத்தாழ மும்மடங்கு.

மறுதலையான பிழையும் உண்டு. கணக்கில் கீல் என்று எழுதிவிட்டுப் பணித்தலத்தில் மேலும் கீழும் பற்றவைத்து இறுக்கிவிட்டால், கணக்கில் இல்லாத திருப்புத்திறன் தூணுக்குள் பாயும். எதிர்பாராத அவ்விருந்தினைத் தாங்குமாறு அத்தூண் வடிக்கப்பட்டிருக்காது.

மெய்யான இணைப்பு முற்றிலும் கீலும் அன்று, முற்றிலும் பிணைப்பும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்டதே அது. இணைப்பின் திருப்பு விறைப்பை விட்டத்தின் வளைவிறைப்போடு ஒப்பிட்டு வகைப்படுத்துவர். அமெரிக்க எஃகுக் கட்டுமான நெறியின் விளக்கவுரை, இவ்வொப்பீடு 20க்கு மேற்பட்டால் பிணைப்பு எனவும், 2க்குக் கீழ்ப்பட்டால் கீல் எனவும், நடுவே நிற்பவை இடைநிலை எனவும் கொள்ளலாம் என்கிறது. 2007ஆம் ஆண்டின் இந்திய எஃகு நெறியும் இடைநிலை இணைப்பை ஏற்றுக்கொண்டு, அதற்கெனத் தனிப் பின்னிணைப்பே தந்துள்ளது. நெறிநூல்கள் வழி காட்டிவிட்டன. அவ்வழி செல்வது பொறியாளர் பொறுப்பு.

கோடு சொல்லாத செய்திகள்

கோடாக எழுதும்போது மறைந்து போகும் செய்திகள் இன்னும் மூன்று.

முதலாவது, கிடக்கை. 8 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள பலகையைப் படுக்க வைத்து ஏறி நின்றால் அது தொய்யும். நிமிர்த்தி வைத்தால் அசையாது. நிமிர்ந்த நிலையில் அதன் விறைப்பு, படுத்த நிலையில் உள்ளதைப்போல் 16 மடங்கு. கணிப்பொறியில் இரண்டும் ஒரே கோடு. எந்தப் பக்கம் மேலே என்பதை எழுத மறந்தால் கணிப்பொறி தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, விலகல். நான்கு சட்டங்கள் ஒரு கணுவிற் கூடுவதாகத் திரையில் வரையலாம். பட்டறையிலோ அவற்றின் நடுக்கோடுகள் ஒரே புள்ளியில் கூடாமல் சில விரற்கடை விலகி நிற்கும். 40 டன் விசை 5 சென்டிமீட்டர் விலகிச் சென்றால் 2 டன்-மீட்டர் திருப்புத்திறன் பிறக்கும். கணக்கில் அதன் சுவடே இராது.

மூன்றாவது, பிடிப்பு. நீண்ட மெலிந்த கோலை இரு முனையிலும் அழுத்தினால் அது நசுங்கும் முன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும். நெளிவைத் தாங்கும் வலிமை, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட உண்மை. கோலின் நடுவே ஒரு பிடிப்பு இருந்தால் நெளியும் நீளம் பாதியாகும். வலிமை நான்கு மடங்காகும். அந்தப் பிடிப்பு பெயரளவிற்கு இருந்து உண்மையில் பிடிக்காவிட்டால், நான்கு டன் தாங்கும் என்று நம்பிய மெலிந்த கோல் ஒரு டன்னிலேயே நெளியும்.

இம்மூன்றும் ஏட்டுச் செய்திகள் அல்ல. விலகலும் பிடிப்பும் சேர்ந்து ஓர் அரங்கத்தின் கூரையையே வீழ்த்தின.

ஆர்ட்டுபோர்டு, 1978

அமெரிக்க நாட்டுக் கனெட்டிகட்டு மாநிலத்தில் ஆர்ட்டுபோர்டு என்னும் நகர். அங்கு எழுந்த விளையாட்டரங்கின் கூரை, 300 அடிக்கு 360 அடிப் பரப்புடைய எஃகுச் சட்டகம். நான்கே நான்கு பெருந்தூண்கள் அதனைத் தாங்கின. கணிப்பொறிக் கணக்கின் துணையால் எஃகைக் குறைத்துப் பெரும்பொருள் மிச்சப்படுத்தலாம் என்னும் நம்பிக்கையில் வடிக்கப்பட்ட கூரை அது.

1978ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் மாலை அக்கூரையின் கீழ்க் கூடைப்பந்தாட்டம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 5,000 பேர் அமர்ந்து கண்டனர். ஆட்டம் முடிந்து மக்கள் வீடு திரும்பினர். வெளியே பனி பொழிந்தது. சனவரி 18, விடியுமுன் நான்கேகால் மணியளவில் கூரை முழுதும் சரிந்து அரங்கினுள் வீழ்ந்தது. அரங்கு வெறுமையாய் இருந்தமையால் ஓருயிரும் போகவில்லை. சில மணி நேர இடைவெளி, ஓர் ஊரையே இழவு வீடாகாமற் காத்தது.

ஆய்வு தொடங்கியது. கூரையின் மேலடுக்குச் சட்டங்கள் 30 அடி நீளமுடையவை. நான்கு கோணச்சட்டங்களைக் கூட்டற்குறி போல் சேர்த்து அமைத்தவை. அவற்றின் நடுவே, 15 அடியில், பிடிப்பு உண்டு என்பது கணக்கின் கொள்கை. கட்டிய கூரையிலோ பிடிக்க வேண்டிய சட்டங்கள் மேலடுக்கின் நடுக்கோட்டை வந்து தொடவில்லை, விலகி நின்றன. உட்புறத்தில் பிடிப்பு அரைகுறை. புறவிளிம்புச் சட்டங்கள் சிலவற்றிலோ 30 அடிக்கு ஒருமுறைதான் மெய்யான பிடிப்பு. வரைந்த இணைப்புக்கும் அமைந்த இணைப்புக்கும் இருந்த வேறுபாட்டால் புறவிளிம்புச் சட்டங்களின் தாங்குதிறன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோயிற்று. கூரையின் தன்னெடையே கணக்கிற் கொண்டதைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் மிகுந்திருந்தது. வீழ்ச்சிக்கு எது முதற்கரணியம் என்பதில் ஆய்வாளர்கள் வேறுபட்டனர். ஒரு சாரார் பிடிப்பின்மையைக் கூறினர். ஒரு சாரார் கூட்டற்குறிச் சட்டம் முறுக்கத்தால் நெளிந்ததைக் கூறினர். வேறொருவர் பற்றவைப்பின் முறிவைக் கூறினார். ஆயினும் உறுப்பைப் பற்றிய கணக்கிற்கும் கட்டிய இணைப்பிற்கும் இடையே பிளவு இருந்தது என்பதை அவ்வாய்வுகள் தெளிவாக்கின.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அக்கூரை தரையிலே கட்டப்பட்டு 1973இல் மேலே தூக்கி நிறுத்தப்பட்டது. நிறுத்தியபின் அளந்தபோது, கணிப்பொறி கூறியதைப்போல் இருமடங்கு அது தாழ்ந்திருந்தது. விளிம்பில் பொருத்த வந்த முகப்புப் பலகைகளின் ஆணித்துளைகள் சட்டகத்தோடு ஒன்றவில்லை. இச்செய்தி பொறியாளர்க்குத் தெரிவிக்கப்பட்டது. கணக்கிற்கும் நடப்பிற்கும் இத்தகைய வேறுபாடு எதிர்பார்க்கத்தக்கதே என்று விடை வந்தது. பலகைகளை வெட்டிப் பற்றவைத்துப் பொருத்திவிட்டனர். கட்டடம் தன் நோயைத் தானே அளந்து காட்டிற்று. அதனைவிடத் திரையில் தோன்றிய எண்ணையே அவர்கள் நம்பினர். ஐந்தாண்டுகள் கழித்துக் கூரை விடை சொல்லிற்று.

கான்சாசு நகர், 1981

ஆர்ட்டுபோர்டு எச்சரித்தது, கான்சாசு நகர் உயிர்களைக் கொண்டது.

மிசூரி மாநிலத்துக் கான்சாசு நகரில் ஐயாட்டு ரீசென்சி என்னும் விடுதி 1980இல் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த முற்றத்தில், கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் தளப் பாலத்திற்கு நேர்கீழே இரண்டாம் தளப் பாலம். மூன்றாம் தளப் பாலம் தனித்து வேறிடத்தில் தொங்கியது. 1981ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் மாலை முற்றத்தில் ஆடல் விழா. ஏழு மணி கடந்து சில மணித்துளிகளில் நான்காம் தளப் பாலம் கம்பிகளிலிருந்து கழன்று, இரண்டாம் தளப் பாலத்தையும் சேர்த்துக்கொண்டு மக்கள் மேல் வீழ்ந்தது. 114 பேர் மாண்டனர். ஏறத்தாழ 200 பேர் புண்பட்டனர். தனித்துத் தொங்கிய மூன்றாம் தளப் பாலம் மட்டும் அசையாது நின்றது.

என்ன நிகழ்ந்தது? முதல் வரைவில், கூரையிலிருந்து இரண்டாம் தளம் வரை ஒரே நீண்ட கம்பி. இரு பாலங்களும் அக்கம்பியைத் தனித்தனியே பற்றியிருக்கும். அவ்வளவு நீளத்திற்கு மரையிட்டுத் திருகுமரையை ஏற்றுதல் பட்டறைக்குக் கடினம். ஆகவே கம்பியை இரண்டாக்கினர்: கூரையிலிருந்து நான்காம் தளத்திற்கு ஒன்று, நான்காம் தளத்திலிருந்து இரண்டாம் தளத்திற்கு மற்றொன்று. சிறு மாற்றம் போலத் தோன்றிற்று, ஒப்புதலும் கிடைத்தது.

கிணற்றில் தொங்கும் கயிற்றை இருவர் பற்றியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். இருவரும் கயிற்றையே பற்றினால், ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையைத் தாங்கும். கீழுள்ளவர் கயிற்றை விட்டுவிட்டு மேலுள்ளவரின் காலைப் பற்றினால், மேலுள்ளவரின் கை இருவர் எடையையும் தாங்குதல் வேண்டும். அதுவே அங்கு நிகழ்ந்தது. நான்காம் தளக் குறுக்குவிட்டத்தின் அடியில் இருந்த திருகுமரை ஒரு பாலத்தின் சுமைக்கு மாறாக இரண்டு பாலங்களின் சுமையைத் தாங்க நேர்ந்தது. இரு வாய்க்கால் வடிவச் சட்டங்களை எதிரெதிரே வைத்துப் பற்றவைத்த பெட்டி விட்டம் அது. கம்பி செல்லும் துளை அப்பற்றவைப்பின் மேலேயே இருந்தது. திருகுமரை விட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது, விட்டம் நழுவிற்று.

மென்பொருள் கையாள்வோர் உள்ளத்திற் பதிக்க வேண்டிய செய்தி ஈண்டு உள்ளது. இவ்விரு வரைவுகளையும் கோடுகளாகக் கணிப்பொறியில் எழுதிப் பார்க்க. கூரைக்கும் நான்காம் தளத்திற்கும் இடைப்பட்ட கம்பியில் முதல் வரைவிலும் இரு பாலங்களின் சுமை. மாற்றிய வரைவிலும் அதே சுமை. கீழ்க்கம்பியில் இரண்டிலும் ஒரு பாலத்தின் சுமையே. உறுப்புகளின் விசையில் மயிரிழை வேறுபாடும் இல்லை! திரையில் இரு படிவங்களும் ஒன்றே. மாறியது கணுவுக்குள் இருந்த ஒரு திருகுமரையின் சுமை. கணுவோ புள்ளி, புள்ளிக்குள் திருகுமரை இல்லை. உறுப்புகளை மட்டும் ஆய்ந்து 'வலிமை போதும்' என்று பச்சைக் குறி காட்டும் கணக்கு, 114 பேரின் சாவை அறியாமலே கடந்து சென்றிருக்கும்.

அமெரிக்க அரசின் அளவைப் பணியகம் இதனை ஆய்ந்தது. நகரின் கட்டட நெறி வேண்டிய வலிமையில் முதல் வரைவே ஏறத்தாழ 60 விழுக்காடுதான் பெற்றிருந்தது. மாற்றிய வரைவு அதிலும் பாதி. அவ்விணைப்பின் கணக்கு தன் கடமை என்று யாரும் கொள்ளவில்லை. வடித்தவர் பட்டறை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தார். பட்டறை வடித்தவர் பார்த்திருப்பார் என்றிருந்தது. பின்னர்ப் பொறுப்பான பொறியாளர்கள் தொழில் உரிமத்தை இழந்தனர். இழந்த உயிர்கள் மீளவில்லை.

தகடும் மூலையும்

இவை பழங்கதைகள், இன்று அறிவு வளர்ந்துவிட்டது என்பார்க்கு இன்னும் இரண்டு சான்றுகள்.

வட கடலில் எண்ணெய் எடுப்பதற்காக நார்வே நாட்டினர் சிலைப்னர் என்னும் மேடைக்குக் கற்காரை அடித்தளம் அமைத்தனர். 1991ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் அதனை நீரில் அமிழ்த்தி ஆய்ந்தபோது, மூன்று அறைகள் கூடும் மூலைச் சுவர் பிளந்து, முழு அடித்தளமும் மூழ்கிற்று. கணிப்பொறிப் படிவத்தில் அம்மூலைக்குக் கொடுத்த கூறுகள் பருமனாகவும் கோணலாகவும் இருந்தமையால், அங்குத் தோன்றும் வெட்டு விசை 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் எஃகுக் கம்பிகளும் போதிய நீளம் ஓடவில்லை. பின்னர்ச் செம்மையாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் பிளக்கும் என்று விடை வந்தது; மெய்யாகப் பிளந்தது 65 மீட்டர் ஆழத்தில். கணிப்பொறி அறியாததன்று, கூடுமிடத்தை நுணுக்கி எழுதிக் கேட்டபோது சரியாகவே சொல்லிற்று. கேட்டதுதான் காலங்கடந்து.

அமெரிக்க நாட்டு மின்னியாபொலிசு நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் 1967இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம், 2007ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள் மாலை நெருக்கடி நேரத்தில் ஆற்றில் வீழ்ந்தது. 13 பேர் மாண்டனர். 145 பேர் புண்பட்டனர். சட்டங்களைக் கூட்டும் இணைப்புத் தகடுகள் சில அரை அங்குலத் தடிப்பே இருந்தன. இருக்க வேண்டியதோ அதைப்போல் இருமடங்கு. நாற்பது ஆண்டுகளில் அப்பாலத்தின் தாங்குதிறனைப் பலமுறை கணக்கிட்டனர். ஒவ்வொரு முறையும் சட்டங்களையே கணக்கிட்டனர். சட்டத்தைவிட இணைப்புத் தகடு வலியது என்பது எழுதப்படாத நம்பிக்கை. வீழும்வரை அந்நம்பிக்கையை யாரும் ஐயுறவில்லை.

செய்ய வேண்டுவன

இளம்பொறியாளர் கடைப்பிடிக்கத் தக்கவை சிலவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று: கணிப்பொறியைத் திறக்குமுன் ஒவ்வோர் இணைப்பையும் தாளில் வரைதல் வேண்டும். எந்த விசை எந்தத் தகட்டின் வழி, எந்த ஆணியின் வழி எங்குச் செல்கிறது என்பதை விரலால் தொட்டுக் காட்ட இயல வேண்டும். விரல் தயங்கும் இடத்தில் கணக்கும் தயங்கி நிற்க வேண்டும்.

இரண்டு: கீலா பிணைப்பா என்னும் ஐயம் எழுந்தால் இரண்டு வகையாகவும் கணக்கிடுதல் வேண்டும். இரு விடைகளுள் கடுமையானதற்கு ஏற்ப விட்டத்தையும் தூணையும் வடித்தால், உண்மை இடையில் எங்கு நின்றாலும் கட்டடம் பெரும்பாலும் தாங்கும்.

மூன்று: கீல்களை அளவின்றிப் பெய்தலும் தீதே. ஒரு சட்டத்தின் இருமுனைகளிலும் தன்னச்சில் சுழலும் இயக்கத்தை விடுவித்துவிட்டால் அது எண்ணெயிட்ட உருளை போலச் சுழலும், கணக்கு நிலைகுலையும். மென்பொருள் எழுப்பும் எச்சரிக்கை வரியைப் படியாது தள்ளுதல் கூடாது.

நான்கு: ஏற்றிய சுமை முழுவதும் தாங்கிகளில் வந்து சேர்ந்ததா என்று கூட்டிப் பார்த்தல் வேண்டும். வளைந்த உருவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். கீலில் கோடு முறிந்து திரும்பும்; பிணைப்பில் கோணம் மாறாது. கண் இதனை உடனே காட்டிக்கொடுக்கும். அதன்பின் ஒரு விட்டத்தையேனும் கையாற் கணக்கிட்டு ஒப்பிடுதல் வேண்டும்.

ஐந்து: பட்டறை ஓர் இணைப்பை மாற்றக் கேட்டால், அதனைப் புதிய கட்டடமாகவே எண்ணிக் கணக்கிடுதல் வேண்டும். முத்திரை குத்துதல் கணக்கிடுதல் ஆகாது.

ஆறு: கட்டி முடித்தபின் அளத்தல் வேண்டும். அளவு கணக்கோடு ஒவ்வாவிடின், கட்டடம் பிழை என்று கொள்ளாமல் கணக்கு பிழை என்று கொண்டு தேடத் தொடங்குதல் வேண்டும்.

இணைப்பவர்க்கும் விளங்கும் சொல்

இன்னொன்று. இணைப்பு கணக்கறையிலே எண்ணப்படுகிறது, வரைவறையிலே வரையப்படுகிறது, பட்டறையிலே துளையிடப்படுகிறது, உயரத்திலே தொங்கும் ஒருவர் கையால் முடுக்கப்படுகிறது. இந்நால்வரும் ஒரே பொருளை ஒரே சொல்லால் அறிதல் வேண்டும். கான்சாசு நகரில் அனைவரும் ஒரு மொழியே பேசினர். அங்கேயே ஒருவர் கருதியதை மற்றவர் அறியவில்லை. தமிழ்நாட்டிலோ வரைபடக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க, ஆணி முடுக்கும் தமிழர் அதனைப் படிக்க இயலாது குறியீட்டை மட்டும் பார்த்துப் பணிபுரியும் நிலை உண்டு. முனை திரும்ப இடம் விட வேண்டிய இணைப்பை, 'உறுதியாக இருக்கட்டும்' என்னும் நல்லெண்ணத்தால் அவர் சுற்றிலும் பற்றவைத்துவிட்டால் குற்றம் அவருடையதன்று. அது கீல் என்று அவர் மொழியில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கணு, கீல், பிணைப்பு, விறைப்பு, விலகல், நெளிவு, பிடிப்பு: இவையனைத்தும் உழவரும் தச்சரும் அறிந்த சொற்கள். மூங்கிலின் கணுவும் கதவின் கீலும் அறியாத தமிழர் இலர். புதிதாகப் புனைய வேண்டிய தேவையே இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் எழுத வேண்டுவது ஒன்றே குறை. 'இது கீல், இறுக்கிப் பற்றவைக்காதே' என்னும் ஒரு வரித் தமிழ், ஒரு தூணைக் காக்கும். தூணின் கீழ் வாழ்வாரையும் காக்கும்.

கணிப்பொறி பொய் சொல்வதில்லை, மெய்யும் சொல்வதில்லை. எழுதிக் கொடுத்த படிவத்திற்குப் பிழையின்றி விடை தருகிறது, அவ்வளவே. படிவத்தின் கணுவை மெய்யாக எழுதுவதும், எழுதியவாறே இணைப்பை எழுப்புவதும் மாந்தர் கடமை. பொறியியல் பயிலும் தமிழிளைஞர் ஒவ்வொருவரும் தாம் வரையும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் எத்தனை ஆணி, எத்தனை தகடு, எத்தனை உயிர் என்று எண்ணிய பின்னரே அடுத்த கோட்டை வரைவாராக!